கையெழுத்துக்கு முன் பேச வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது பல மருத்துவமனைகளில் அட்மிஷன் வேலையோடு சேர்ந்துவிட்டது. ஒப்புதல் என்பது டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து பேசுவது. படிவம் அதற்குப் பதிவு, அவ்வளவுதான்.

2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 44 வயதான, மணமாகாத பெண் ஒருவர் 1995இல் லேப்ராஸ்கோப்பிக்கு, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் சோதனை அல்லது சிகிச்சைக்கு, ஒப்புக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, தாயாரின் சம்மதத்தை மட்டும் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். டாக்டர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால், உடனே செய்யாவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலை அங்கே இல்லை. விழிக்கும் வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும் என்றது. நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ, கேட்க மறப்பதும் அவ்வளவு எளிது.

டாக்டர் என்ன சொல்ல வேண்டும்? செய்யப்போவது என்ன, பலன் என்ன, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள், செய்யாவிட்டால் என்ன ஆகும். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி என்றால், நடுவில் வயிற்றைத் திறக்க நேரிடலாம், பித்தநாளம் காயப்படலாம் என்று முன்பே சொல்லியாக வேண்டும். தியேட்டருக்குப் போகுமுன் மிடாசோலம் என்ற மயக்க மருந்து போட்டபிறகு சொன்னால் நினைவில் நிற்காது. அப்போது வாங்கும் கையெழுத்துக்கும் மதிப்பில்லை. சொல்லி முடித்ததும், "நாளைக்கு என்ன செய்யப்போறோம், நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். புரியாத இடம் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. 18 வயது நிறைந்த, சுயமாக முடிவெடுக்கக்கூடிய பெண்ணின் கருக்கலைப்புக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய சம்மதத்தை மட்டுமே கேட்கிறது. கணவர் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்புவது தவறு.

மிகவும் கடினமானது, "அப்பாவுக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்" என்று மகன் வழிமறிக்கும் நேரம். அவர் பயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். ஆனால் அப்பாவிடம் பொய்யும் சொல்ல வேண்டாம். தனியாக உட்கார்ந்து, "ஐயா, ரிப்போர்ட் வந்திருக்கு. விவரமெல்லாம் உங்ககிட்டயே சொல்லணுமா, இல்ல வீட்டில யார்கிட்டயாவது பேசட்டுமா?" என்று கேளுங்கள். "பையன்கிட்ட சொல்லுங்க" என்றால், அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு ஃபைலில் எழுதிவிட்டு மகனோடு பேசலாம். அடுத்த முறை பார்க்கும்போது அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள். பலர் அதற்குள் மனம் மாறியிருப்பார்கள்.