டம்மி டக்: முன்–பின் படங்களுக்கு நடுவில் உள்ள நாட்கள்

[திரையில்: முழங்காலுக்கு அடியில் தலையணைகள் வைத்து மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெண்]

வணக்கம். டம்மி டக் எனப்படும் வயிற்றுச் சீரமைப்பு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை. கழிவறைக்குப் போக வேண்டும். படுத்த நிலையிலிருந்து நேராக எழக் கூடாது. முதலில் ஒருக்களிக்க வேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். எழுந்தாலும் நிமிர முடியாது. தோலை இழுத்துத் தைத்திருப்பதால் ஒரு வாரம், பத்து நாள் குனிந்துதான் நடப்பீர்கள். முன்–பின் படங்களில் இந்தக் காலை வருவதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

இது யாருக்கு? வயிற்றின் நடுவே விலா எலும்பிலிருந்து அடிவயிறு வரை இரண்டு தசைகள் அருகருகே இறங்குகின்றன. கர்ப்ப காலத்தில் அவை விலகுகின்றன. பலருக்குப் பிரசவத்துக்குப் பின் தாமாகவே நெருங்கிவிடும். சிலருக்கு இடைவெளி அப்படியே நின்றுவிடும். இரவுச் சாப்பாட்டை விட்டாலும், தினமும் நடந்தாலும் அந்த வயிறு உள்ளே போகாது. கல்யாண வீட்டில் “மறுபடியும் விசேஷமா?” என்று கேட்பவர்களுக்கு இது தெரியாது. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்: இது உங்கள் சோம்பலால் வந்ததல்ல.

முதலில் பிசியோதெரபி பயிற்சிகளைச் செய்து பாருங்கள். டம்மி டக் எடை குறைக்கும் சிகிச்சையும் அல்ல. எடை சில மாதங்களாக ஒரே அளவில் நிற்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுவதே நல்லது. அடுத்த கர்ப்பத்தில் தசைகள் மீண்டும் விலகக்கூடும்.

[திரையில்: அடிவயிற்றின் கோட்டுப்படம்]

அறுவை சிகிச்சை முழு மயக்கத்தில், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் நடக்கும். உள்ளாடைக்குள் மறையும் உயரத்தில், ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை வெட்டுகிறார்கள். தோலை மேல்நோக்கிப் பிரித்து, தசைகளைச் சேர்த்துத் தைத்து, மிகுதித் தோலை அகற்றுகிறார்கள். தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்காக இறங்கிவந்த தோலில் புதுத் துளை போடுகிறார்கள். பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டிய தோலோடு போய்விடும். தொப்புளுக்கு மேலே உள்ள பிரசவக் கோடுகள் போகாது.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்கள் புகையிலை கூடாது. சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையும்தான். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தம் போதாத தோல் கறுத்து அழுகிவிடும்.

பலர் கண்டதும் பயப்படுவது வடிகுழாயைத்தான். குழாயின் நுனியில் கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். அதை அமுக்கி மூடினால் உள்ளே சேரும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் சிவப்பாக வரும்; நாளாக ஆக வைக்கோல் நிறத்துக்கு மாறும். காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளில் ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் வழக்கமாக எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகும் நீர் கோத்துக்கொண்டால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள்.

வீட்டுப் பெரியவர்களின் அக்கறையில் இரண்டை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும், முக்கினால் தையல் இழுக்கும். வெந்நீர்ப் பையும் வேண்டாம். தொப்புளுக்குக் கீழே பல மாதங்கள் மரத்துப்போயிருக்கும். சுடுவது தெரியாமலேயே தோல் வெந்துவிடும்.

முதல் நாளே மெல்ல நடக்கச் சொல்வார்கள். வலித்தாலும் நடங்கள். படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தாலும், மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், சீழ், தோல் கறுப்பது ஆகியவற்றையும் அன்றே காட்டுங்கள்.

[திரையில்: இடுப்பில் பெல்ட் அணிந்து சோபாவில் அமர்ந்திருக்கும் பெண், பக்கத்தில் ஏறும் குழந்தை]

மேசை வேலைக்கு இரண்டு, மூன்று வாரங்களில் போகலாம். வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட்டை மருத்துவர் சொல்லும்வரை கழற்ற வேண்டாம். தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலாகும்.

கனமான எதையும் ஆறு வாரங்கள் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, இரண்டு வயதுக் குழந்தை எல்லாம் இதில் சேர்த்தி. குழந்தை தானே சோபாவில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்காரட்டும்; நீங்கள் அணைத்துக்கொள்ளலாம், தூக்கத்தான் கூடாது. எனவே தேதி குறிப்பதற்கு முன் கணவரையும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, நாட்காட்டியைத் திறந்து, எந்த வாரம் யார் குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள் என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.