எப்பிங் காட்டில் நடக்கப் போகிறீர்களா? மரத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

[திரையில்: வரைபடம். மேனர் பார்க்கிலிருந்து எப்பிங் வரை பச்சை நிறப் பட்டை]

லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், மேனர் பார்க்கில் தொடங்கி எப்பிங் ஊர் வரை நீள்கிறது எப்பிங் காடு. நீளம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அகலம் அதிகம் போனால் 4 கிலோமீட்டர். பரப்பு சுமார் 2,400 ஹெக்டேர். நுழைவுக் கட்டணம் கிடையாது, பூட்டுகிற வாசலும் கிடையாது. எங்கிருந்து வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்பதுதான் புதிதாக வருபவருக்குச் சிக்கல். தெற்கு முனையில் இறங்கினால் வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளியைப் பார்த்துவிட்டு, “இதுதானா காடு?” என்று திரும்பிவிடுவார்கள். பழைய மரங்கள் அடர்ந்து நிற்பது சிங்ஃபோர்டுக்கு வடக்கே.

[திரையில்: மூன்று ரயில் நிலையங்கள்]

குழந்தைகளோ சக்கர நாற்காலியோ உடன் வந்தால் சிங்ஃபோர்டு நல்லது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம். ரேஞ்சர்ஸ் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால், மன்னர் எட்டாம் ஹென்றிக்காக 1543-ல் கட்டிய வேட்டை மாளிகை. அதைத் தாண்டினால் கனாட் வாட்டர் ஏரி. ஏரியைச் சுற்றி இறுகிய சமதளப் பாதை இருக்கிறது.

நாள் முழுக்க நடக்க நினைப்பவர்கள் லண்டன் சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைனில் லவ்டனில் இறங்கி, காட்டுக்குள்ளாகவே வடக்கே நடந்து, எப்பிங்கில் ரயில் ஏறுங்கள். சுமார் 10 கிலோமீட்டர். நின்று பார்த்துப் போனால் நாலு மணி நேரம். பாதியில் கால் வலித்தால் கிழக்கே இறங்கித் தெய்டன் பாய்ஸ் நிலையத்தைப் பிடிக்கலாம். கார் எடுத்து வந்தால் நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டும், இந்த வசதி போய்விடும். வழியில் லவ்டன் கேம்ப், ஆம்பிரஸ்பரி பேங்க்ஸ் என்று இரும்புக் கால மண்மேடுகள் இரண்டு வரும். இரண்டாவதில், ரோமானியரை எதிர்த்த அரசி பௌடிக்கா கடைசிப் போரை நடத்தினார் என்று சொல்வார்கள். ஆதாரம் எதுவும் இல்லை, ஆனாலும் மண்மேடு பார்க்க வேண்டியதுதான்.

[திரையில்: ஒரு பீச் மரம், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பல கிளைகளாகப் பிரிகிறது]

இந்த மரத்தைக் கவனியுங்கள். இரண்டு, மூன்று மீட்டர் உயரம் வரை ஒரே அடிமரம். அதற்கு மேல் ஒரே புள்ளியிலிருந்து ஏழெட்டுத் தடித்த கிளைகள். இது இயற்கையாக வந்த வடிவம் இல்லை. ஊர் மக்களுக்குக் குளிர்காலத்தில் விறகு வெட்டும் உரிமை இருந்தது. தரையோடு வெட்டினால் புதுத் தளிரை மாடும் மானும் தின்றுவிடும் என்பதால், அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டினார்கள். 1878-ன் எப்பிங் காட்டுச் சட்டம் காட்டை லண்டன் சிட்டி கார்ப்பரேஷனிடம் ஒப்படைத்தது. காடு பிழைத்தது, விறகு உரிமை முடிந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த பணத்தில்தான் லவ்டனில் 1884-ல் லாப்பிங் ஹால் (‘லாப்பிங்’ என்றால் கிளை வெட்டுதல்) என்ற பொதுமண்டபம் எழும்பியது.

வெட்டு நின்றதால் மெலிந்த கிளைகள் எல்லாம் தனித்தனி மரம் அளவுக்குப் பருத்துவிட்டன. சுமை முழுவதும் வெட்டுவாயில், அங்கேயோ உள்ளே பொந்து. காற்றடித்தால் மரம் இரண்டாகப் பிளக்கும். கோடையில் அசைவில்லாத நாளில்கூடப் பீச் கிளை முறிந்து விழுவது உண்டு. அதனால் சாப்பிட உட்கார வேண்டுமென்றால் வெட்டவெளிக்கு வாருங்கள். வேர் மேல் ஏறி நின்று படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள், மண் இறுகினால் கிழ வேருக்குக் காற்று போகாது.

[திரையில்: இரண்டு அடிமரங்கள் அருகருகே]

வழுவழுப்பான சாம்பல் பட்டை என்றால் பீச். முறுக்கிவிட்டது போல வரிவரியாகப் புடைத்திருந்தால் ஹார்ன்பீம். இந்த வித்தியாசம் உங்கள் பூட்ஸைக் காப்பாற்றும். பீச் நிற்பது பெரும்பாலும் மேட்டுப்பகுதியின் சரளை மண்ணில், தண்ணீர் வடிந்துவிடும். ஹார்ன்பீம் நிற்பது தாழ்ந்த களிமண்ணில். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கணுக்கால் வரை சேறு. ஹார்ன்பீம் கூட்டமாக வந்தால் மேட்டுக்குத் திரும்புங்கள், அல்லது ‘கிரீன் ரைடு’ என்ற அகலப் பாதைக்குப் போங்கள். குதிரைக்காரர்களும் சைக்கிள்காரர்களும் வருவார்கள், ஓரமாக நடக்கவும்.

வழி தவறுவது மிகச் சாதாரணம், பீச் காடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 174 வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு காதும் உதவும்: ஏ104 சாலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. வண்டிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பாதித் திசை கிடைத்துவிடும். சாலையைக் கடக்கும்போது மட்டும் அவசரம் வேண்டாம், வண்டிகள் வேகமாக வரும்.

[திரையில்: புதருக்குள் சிறிய மான்]

இங்குள்ள ஃபேலோ மான்களில் பல கறுப்பு என்றே சொல்லத்தக்க கரும்பழுப்பு. அவற்றைப் பார்க்க, அதிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில்தான் வாய்ப்பு. நாய் குரைப்பது போல ஒற்றை ஒற்றையாகச் சத்தம் கேட்டு நாய் எதுவும் கண்ணில் படவில்லையா? அது முன்ட்ஜாக், சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, கேளையாடு என்னும் சிறு மான் இனம்.

மான் கிடைக்காவிட்டாலும் பொந்து மரங்கள் ஏமாற்றாது. மரங்கொத்தி தாளம் போடும் சத்தம் பிப்ரவரி, மார்ச்சில் நன்றாகக் கேட்கும். இலை இல்லாததால் பறவையும் தெரியும். கனாட் வாட்டரில் நீந்தும் மாண்டரின் வாத்து கூடு வைப்பது மரப்பொந்தில். விழுந்த கட்டைகளைப் புரட்டாதீர்கள். மான்கொம்பு வண்டின் புழு மண்ணுக்கடியில் மட்கும் மரத்தைத் தின்று பல ஆண்டுகள் கழித்தே வண்டாகிறது. காளான் பறிக்கவும் நெருப்பு மூட்டவும் தடை உண்டு. கழுத்துப்பட்டையோடு மேயும் லாங்ஹார்ன் மாடுகளைக் கண்டால், கன்று இருந்தால் முக்கியமாக, தள்ளிச் சுற்றிப் போங்கள். நாயைக் கயிற்றில் பிடியுங்கள்.

வீடு திரும்பியதும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, தலைமுடி ஓரம் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு பரவினால், அல்லது காய்ச்சல் போல இருந்தால், காட்டுக்குப் போன விஷயத்தைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம்.