ஓவியத்தைப் போட்டோ எடுக்கணுமா? முதல்ல லைட்டை அணைங்க

[திரையில்: ஒரே வாட்டர்கலர் ஓவியத்தின் இரண்டு போட்டோக்கள். ஒன்றில் பாதி மஞ்சளடித்திருக்கிறது.]

ரெண்டும் ஒரே ஓவியம், ஒரே போன், அஞ்சு நிமிஷ இடைவெளியில எடுத்தது. மஞ்சளா இருக்கறதுல மேல ஒரு பல்பு எரியுது. இன்னொண்ணுல அணைச்சுட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ங்கற அளவுல சொல்வாங்க; எண் குறைவா இருந்தா மஞ்சள், கூடினா நீலம். வீட்டு மஞ்சள் பல்பு 2700 கெல்வின் வாக்குல இருக்கும். மேகம் மூடின பகல் வெளிச்சம் 6500 பக்கம். போன் ஏதாவது ஒண்ணுக்குத்தான் நிறத்தைச் சரிக்கட்டும். ரெண்டும் கலந்து விழுந்தா ஒரு ஓரம் மஞ்சள், மறு ஓரம் நீலம். அப்புறம் எடிட்டிங்ல உட்கார்ந்து மல்லுக்கட்டணும். அதனால கேமரா வாங்கறதைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி ஸ்விட்சை அணைங்க. ஃபிளாஷும் வேண்டாம்.

[காட்சி: ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் ஓவியம்]

வெயில் நேரா அடிக்காத ஜன்னல் போதும். ஆனா ஜன்னல் பக்கம் வெளுத்து, எதிர்ப்பக்கம் இருட்டா கிடக்கும். அந்த இருட்டுப் பக்கத்துல ஒரு வெள்ளை தெர்மாகோலை நிறுத்துங்க. போதுமான்னு எப்படித் தெரியும்? ஒரு பென்சிலை ஓவியத்துல படாம, நடுவுல, உங்களைப் பார்த்து நீட்டின மாதிரி பிடிங்க.

[குளோசப்: பென்சில் நிழல்]

நிழல் ஒரே பக்கமா கருகருன்னு விழுதா? தெர்மாகோலை இன்னும் கிட்ட தள்ளுங்க... பாருங்க, மங்கிடுச்சு. ராத்திரிதான் நேரம் கிடைக்கும்னா ஒரே மாதிரி ரெண்டு விளக்கு, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில. அப்போ பென்சிலுக்கு ரெண்டு நிழல் வரும். நீளமும் கருப்பும் சமமா இருக்கணும்.

அடுத்து கோணல். மேல குறுகி கீழ அகலமா வருதுன்னா, போன் சாய்ஞ்சிருக்கு. ஓவியம் மாட்டப்போற இடத்துல, சுவரோட ஒட்டி ஒரு சின்ன முகம் பார்க்கற கண்ணாடியை யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க. அந்தக் கண்ணாடிக்கு நடுவுல உங்க லென்ஸ் தெரிஞ்சா நேரா இருக்கீங்க. ரொம்பக் கிட்ட போகாதீங்க, ஓரக்கோடு வளையும். ரெண்டு அடி பின்னால வந்து, டைமர் வச்சு எடுங்க.

வெள்ளைத் தாள்ல வரைஞ்ச பென்சில் படம்னா ஒரு சிக்கல். இவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் போன் தானா வெளிச்சத்தைக் குறைச்சு, தாளைச் சாம்பலாக்கிடும். திரையைத் தொட்டு எக்ஸ்போஷரை ஏத்துங்க. மெல்லிசான கோடு மறையற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடுங்க.

ஃபிரேம்ல கண்ணாடி இருந்தா கழட்டிடுங்க. அதுல சட்டைக்காலர் வரைக்கும் தெரியும்.

[காட்சி: தங்க நிறப் பூச்சு மின்னும் சின்ன ஓவியம்]

தங்க பெயிண்ட்ல மட்டும் நான் தோத்துட்டேன். இவ்வளவு சமமான வெளிச்சத்துல அது வெறும் கடுகு நிறமாத்தான் வரும். அதனால ஓவியத்தைக் கொஞ்சம் சாய்ச்சு, மின்னும்போது இன்னொரு போட்டோ எடுத்துப் பக்கத்துலயே போட்டுடுவேன்.