கதவைச் சாத்திவிட்டுப் படம் போடுங்கள்

(திரைப்படக் கழக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்தக் கலையரங்கை மாதம் இருமுறை நமக்கு ஒதுக்கித் தரும் நகராட்சி ஆணையர் அவர்களே, நூலகர் அம்மையார் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் தம்பி அவர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் கல்லூரி மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற மாதம் இங்கே இரண்டு ‘சைக்கோ’ படங்களைப் பார்த்தோம். 1960இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்தது ஒன்று. 1998இல் கஸ் வான் சான்ட் எடுத்தது மற்றொன்று. நடிப்பு, இசை, வண்ணம் என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பேசுவதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது படம் ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி முதற்படத்தின் நகல். ஜோசப் ஸ்டெஃபானோவின் அதே திரைக்கதை, பெர்னார்ட் ஹெர்மனின் அதே இசை. திருடப்படும் 40,000 டாலர், காலத்துக்கேற்ப 4,00,000 டாலர் ஆனது. கறுப்பு வெள்ளை வண்ணமானது. அவ்வளவும் செய்தும் ஏன் நெஞ்சு படபடக்கவில்லை? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள் நம் பெரியவர்கள். புலிக்கு வரி பிறவியிலேயே வந்தது. பூனைக்குக் கம்பியைக் காய்ச்சி இழுத்தது.

பணத்தைத் திருடிய பெண் விடுதியில் கொலையான பிறகு, அவள் உடலோடு கார் சதுப்பில் மூழ்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். பாதி மூழ்கிய கார் சட்டென்று நின்றுவிடுகிறது. கரையில் நிற்கும் ஆன்டனி பெர்கின்ஸ், முதற்படத்தின் விடுதிக்காரர், ஒல்லியான, கூச்சமுள்ள பிள்ளை, அக்கம்பக்கம் பார்க்கிறார். அந்தக் கார் மூழ்கிவிட வேண்டுமே என்று நாமும் தவிக்கிறோம்! ஒரு கொலையை மறைக்க நம்மையும் கூட்டாளியாக்கிவிடுகிறார் ஹிட்ச்காக். இரண்டாவது படத்தில் அதே வேடத்தில் வரும் வின்ஸ் வான் திறமையான நடிகர்தான். ஆனால் ஓங்கிய உருவம். பார்த்தவுடனே இவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. பிறகு இரக்கம் எங்கிருந்து வரும்? அதே கார், அதே சதுப்பு. மூச்சு மட்டும் நிற்கவில்லை.

இசைக்கு வருகிறேன். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் இருந்தார். நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு ஹெர்மன் அவர் மனத்தை மாற்றினார். அது தனியே ஒரு மாலைப் பேச்சுக்குரியது. அதைவிட முக்கியமான ஒன்றை இன்று சொல்லியாக வேண்டும்.

1978. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இயற்பியல் வகுப்பறையில் ஜன்னல்களைப் போர்வையால் மூடி, பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரில் ‘சைக்கோ’ போட்டார்கள். ஊரிலிருந்து என் பெரியப்பா வந்திருந்தார். மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். பஸ் தாமதம்; அவர் உள்ளே நுழைந்தபோது படம் ஏறக்குறைய பாதி ஓடிவிட்டது. வாசலில் ஒட்டியிருந்த படத்தில் கதாநாயகி ஜேனட் லீயைப் பார்த்துவிட்டு வந்தவர், உட்கார்ந்ததும் கேட்டார்: “அந்தப் பெண் எப்போது வருவாள், தம்பி?” நான் வாய் திறக்கவில்லை. துப்பறிபவர் மாடிப்படி ஏறும்போது, “மேலேதான் இருக்கிறாளா?” என்றார். அந்தப் பெண்ணின் தங்கை வந்தாள்; “இவள்தானா அவள்?” என்றார். முன்வரிசைப் பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா அவருக்கும் ஒரு கை கடலை நீட்டினார். படம் முடிந்தது. மிதிவண்டியை உருட்டிக்கொண்டு திரும்பும் வழியில், அவள் குளியலறையிலேயே செத்துப்போன கதையைச் சொன்னேன். நடுரோட்டில் நின்றுவிட்டார். “அதைப் பார்க்காமல் போய்விட்டேனே” என்றார். காலமாகும்வரை மறுபடி அந்தப் படத்தைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

இதைத்தான் ஹிட்ச்காக் 1960லேயே அஞ்சினார். தாமதமாக வருபவர்கள் ஜேனட் லீயை எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள் என்று, படம் தொடங்கிய பிறகு எவரையும் உள்ளே விடக்கூடாது என நிபந்தனை போட்டார். நினைத்த நேரத்தில் நுழைந்து, விட்ட இடம் வரும்வரை பார்த்துவிட்டு எழுந்துபோவது அமெரிக்காவில் அன்று வழக்கம். அந்த வழக்கத்தையே மாற்றினார். மக்கள் தெருவில் வரிசையில் காத்து நின்றார்கள். கேமராக் கோணங்களை நகலெடுக்கலாம். ஒன்றும் அறியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தை 38 ஆண்டுகள் கழித்து யாரால் நகலெடுக்க முடியும்? பூனை எத்தனை சூடு போட்டுக்கொண்டாலும் புலி நடந்த காட்டைக் கொண்டுவர முடியாது.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, மூன்று ஆண்டுகளாக மனு கொடுத்து வருகிறேன். இந்த அரங்கின் கிழக்குக் கதவு படம் ஓடும்போது இருபது முறை திறக்கிறது. தெருவிளக்கு திரையில் பாதியை வெளுக்கடிக்கிறது. சென்ற மாதம் அந்தச் சதுப்புக் காட்சியில், நான்கு பேர் கைப்பேசி வெளிச்சத்தில் நாற்காலி தேடினார்கள். புலியையே கொண்டுவந்து காட்டினாலும் இந்த வெளிச்சத்தில் பூனையாகத்தான் தெரியும். கதவுக்கு ஒரு கனத்த கறுப்புத் திரை, ஆறரை மணிக்குப் பிறகு ஒரு தாழ்ப்பாள், இவ்வளவுதான் கேட்கிறோம். திரைத்துணிக்கான செலவில் பாதியை நான் ஏற்கிறேன். இந்த மேடையிலேயே சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை முதற்படத்தை மீண்டும் திரையிடுகிறோம். ஆறு இருபதுக்கு நான் கிழக்கு வாசலில் நிற்பேன். அதற்குள் வந்துவிடுங்கள்.