ரொட்டியும் பருப்பும் இரும்புத் தண்டும்

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

பளுதூக்கல் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது, எவ்வளவு எடையை எவ்விதம் தூக்குவது என்று விளக்குவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அதை வானொலியில் கற்றுக்கொடுக்க இயலாது. அருகில் நின்று, முதுகு வளைகிறதா, முழங்கால் உள்ளே சரிகிறதா என்று கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டிய காரியம் அது. ஆனால் இரும்புத் தண்டைக் கையில் எடுப்பதற்கு முந்திய இரண்டு மணித்தியாலங்களைப் பற்றியும், அதைக் கீழே வைத்த பிறகு வரும் இரவைப் பற்றியும் காதால் கேட்டே விளங்கிக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான் என்பது, நெடுங்காலமாக அவர்களைப் பழக்கி வரும் என்னுடைய கருத்து. ஆகவே உடலை எப்போது நீட்டி மடக்குவது, எதை எப்போது உண்பது என்ற இரண்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாத விடியற்காலைகளில் அங்கே உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போவதை நேயர்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். ஹட்டனும் பண்டாரவளையும் அவ்வளவு குளிரானவை அல்ல என்றாலும், மாலை ஆறு மணிக்குத் தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் கொண்ட ஒரு மண்டபத்தில் பனியனோடு நிற்பவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. வெப்பமான ஊர் ஒன்றில் எடுத்த காணொளியைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, வந்தவுடன் அந்தத் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக் கால்விரலைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று அசையாமல் இழுத்துப் பிடிப்பதையே நம் இளைஞர்கள் ஆயத்தம் என்று நினைக்கிறார்கள். நம் வீடுகளில் காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்திருக்கும். அதை யாரும் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதில்லை, அடுப்புத் திண்ணையில் சற்று நேரம் வைத்து இளகவிட்டுத்தான் தலைக்கு எடுத்துக்கொள்கிறோம். தசையையும் அப்படியே இளகவிட வேண்டும். முதலில் சூடு, பிறகுதான் நீட்டல். இதை நான் இன்னும் இரண்டொரு முறை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தசை சூடேறினால் அது விரைவாகச் சுருங்குகிறது, நரம்பின் ஏவல் விரைவாக வந்து சேர்கிறது, மூட்டும் தடையில்லாமல் அசைகிறது. அதற்கு மாறாக, ஒரே தசையை 60 செக்கன்களுக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே பாரம் தூக்கினால், அந்தத் தசையின் வலு சிறிது நேரத்துக்குச் சற்றுக் குறைகிறது என்று ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. குறைவது சிறிதளவுதான், பத்து, இருபது செக்கன் பிடித்துவிட்டு, அதன் பின் நன்றாக அசைந்து பழகினால் அதுவும் பெரிதாகத் தெரியாது. ஆயினும் ஒரே ஒரு கிலோ வேறுபாட்டில் பதக்கம் கைமாறுகின்ற விளையாட்டு இது என்பதை மறக்கக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. ஐந்து முதல் பத்து நிமிடம் வரை, மூச்சு வாங்கி நெற்றியில் ஈரம் தட்டும் வரை, விரைந்து நடக்கலாம், படியேறலாம், கயிறு தாண்டலாம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசலாம். ஒரு துவாயை அல்லது மூங்கில் தடியை இரு கைகளாலும் அகலப் பிடித்துத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வரலாம். பாரம் எதுவும் இல்லாமல் மெதுவாகக் குந்தி எழும்பலாம். அதன் பின் வெறும் தண்டு. போட்டித் தண்டு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. அந்த வெறும் தண்டோடு அன்றைய பயிற்சியைச் சில தடவை முழுமையாகச் செய்துவிட்டு, எடைத் தட்டுகளைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். தோட்டத்திலிருந்து மேட்டில் ஏறி நடந்து வருகிறவர்கள் பாதி ஆயத்தத்தை வழியிலேயே முடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் வாசலில் நின்று அரை மணித்தியாலம் கிரிக்கெட் பேசினால் அந்தச் சூடு போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போக எனக்கு மனமில்லை. நாங்கள் பழகும் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க வருகிறவர் அவர். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலை, வலுவுள்ள ஒரு பையன் குந்தி எழும்பும் பயிற்சியில் தடுமாறிக்கொண்டிருந்தான். தொடை தரைக்கு இணையாக வருவதற்குள் அவனுடைய குதிகால் கிளம்பிவிடும், நெஞ்சு முன்னே விழுந்துவிடும். குதிகாலுக்கடியில் இரண்டு சிறிய தட்டுகளை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தோம். சுவரோரம் கீரைக்கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா, "என்ன மாஸ்டர், குந்துறதுக்குக்கூடவா பலகை வேணும்?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். அவர் குந்தியிருந்தார். இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிந்திருந்தன. குதிகால் ஒரு விரற்கடையும் எழும்பவில்லை. முதுகு நேராக இருந்தது. கைகள் கீரையில், வாய் வெற்றிலையில். பயிற்சியை நிறுத்தி, பையன்கள் எல்லோரையும் வந்து பார்க்கச் சொன்னேன். பெரியம்மாவுக்கு வெட்கம். "எழும்பட்டுமா?" என்றார். "கொஞ்சம் இருங்கம்மா" என்றேன். அவர் கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்துவிட்டு, கையை ஊன்றாமலே எழுந்து போனார்.

போட்டியில் உள்ள இரண்டு தூக்கல்களில், பாரத்தைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவதை ஸ்னாட்ச் என்று சொல்வார்கள். அதில் பாரத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி வீரர் முழுமையாகக் குந்துகின்ற நிலையும் ஏறக்குறைய இதுதான். பெரியம்மாவுக்கு அதை யாரும் பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. லயத்து அடுப்படியில் குந்தி ஊதியவர், பீலிக்கரையில் குந்தித் துணி துவைத்தவர்; அவருடைய கணுக்காலும் இடுப்பு மூட்டும் ஒவ்வொரு நாளும் அந்த எல்லை வரை போய் வந்திருக்கின்றன. நம் பையன்கள் பாடசாலை வாங்கிலிருந்து முச்சக்கர வண்டி ஆசனத்துக்கும், அங்கிருந்து கதிரைக்கும் மாறுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிடம் இழுத்துப் பிடித்து அந்த எல்லையைத் திரும்பப் பெறுவது கடினம். ஆகவே அந்தப் பையனுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: வீட்டில் கைத்தொலைபேசி பார்ப்பதாயிருந்தால் குந்தியிருந்து பார். முதலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம், பிறகு பிடிக்காமல். மழைக்காலம் முடிவதற்குள் தட்டுகளை எடுத்துவிட்டோம். பெரியம்மாவின் முழங்காலைப் புகழ்ந்தாலும், தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துச் சாக்குச் சுமந்த கழுத்து வலியைப் பற்றி அவரிடம் கேட்டால் அது வேறு கதை; எல்லா உழைப்பும் உடலைச் செம்மைப்படுத்தும் என்று நான் சொல்ல வரவில்லை.

பயிற்சி முடிந்த பிறகு அசையாமல் நீட்டிப் பிடிக்கலாம். உடல் அப்போது சூடாக இருக்கிறது, இனித் தூக்குவதற்கும் ஒன்றுமில்லை. கெண்டைக்கால், பின்தொடை, இடுப்பின் முன்பகுதி, மார்பு ஆகியவற்றுக்கு முப்பது செக்கன் வீதம் இரண்டு தடவை போதுமானது. அதற்கு முன் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். நீட்டினால் மறுநாள் உடம்பு வலிக்காது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. பழக்கமில்லாத பாரம் தூக்கியவருக்கு இரண்டாம் நாள் தொடை வலிக்கத்தான் செய்யும், சில நாட்களில் அதுவாகவே தணியும். மீண்டும் சொல்கிறேன்: சூடு முன்னே, நீட்டிப் பிடிப்பது பின்னே.

இனி உணவு. மலைக்கு உரம் சுமந்துவிட்டோ, மண்வெட்டி பிடித்துவிட்டோ நேரே பயிற்சிக்கு வருகிற பையன், மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு கோப்பை சாயத் தேநீரும் சீனியும் மட்டுமே வயிற்றில் இருக்க வருகிறான். தேநீர் களைப்பை மறைக்கும். தூக்குவதற்கு வேண்டிய எரிபொருளைத் தராது. முழுச் சாப்பாடு என்றால் பயிற்சிக்கு இரண்டு, மூன்று மணித்தியாலங்களுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். அதற்கு வாய்ப்பில்லாதவர் ஒரு மணித்தியாலத்துக்கு முன் ஒரு சிறிய ரொட்டியோ, இரண்டு வாழைப்பழமோ, அவித்த வற்றாளங்கிழங்கோ சாப்பிட்டால் போதும். கடை வடையும் ரோல்ஸும் அந்த நேரத்துக்கு உகந்தவை அல்ல. எண்ணெய் வயிற்றை விட்டு இறங்க நேரமெடுக்கும், நிறைந்த வயிற்றோடு குந்தும்போது அது தொண்டைக்கு வரும்.

பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் புரதம் உட்கொள்ளாவிட்டால் எல்லாம் வீண் என்று சொல்லி, தோட்டத் தொழிலாளியின் பல நாட் சம்பளத்தை விழுங்குகின்ற மாவு டின்களை விற்கிறார்கள். தசை அவ்வளவு அவசரக்காரன் அல்ல. பாரம் தூக்கிய பிறகு ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் அது உணவிலுள்ள புரதத்தை வழக்கத்தைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, நிதானமாகச் சாப்பிடலாம். கணக்கில் கொள்ள வேண்டியது நாள் முழுவதற்குமான அளவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் என்பது பாரம் தூக்குபவருக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

55 கிலோ எடையுள்ள பையனுக்கு அது 88 கிராம் ஆகிறது. 55 கிலோ என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022இல் பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் திலங்க இசுரு குமார இலங்கைக்கு வெண்கலம் வென்றது அந்த எடைப் பிரிவில்தான். இரண்டு தூக்கல்களிலுமாக 225 கிலோ. 2006இல் மெல்பேர்னில் சிந்தன விதானகே தங்கம் வென்றதும் 62 கிலோப் பிரிவில். சிறிய உடம்பு என்று நம் பிள்ளைகளை ஒதுக்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த 88 கிராமை நம் அடுப்படியிலேயே தேடுவோம். நூறு கிராம் கோதுமை மாவில் தட்டிய ரொட்டியில் சுமார் 10 கிராம் இருக்கிறது. ஐம்பது கிராம் பருப்பைக் கறியாக்கினால் சுமார் 12 கிராம். காலையில் இவை இரண்டும். மதியம் சோறு, மறுபடியும் பருப்பு, ஒரு பிடி நெத்தலிக் கருவாடு. மாலையில் அவித்த கடலை. இரவில் ரொட்டியும் இரண்டு முட்டையும். கூட்டிப் பாருங்கள், 90 கிராமை ஒட்டி வரும். ரொட்டியை வெறும் சம்பலோடு சாப்பிடுவதுதான் நம்மிடம் உள்ள குறை. கோதுமைப் புரதத்தில், புரதத்தை ஆக்கும் கூறுகளில் ஒன்றான லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பிலும் கடலையிலும் பயறிலும் அது தாராளமாக இருக்கிறது. தேங்காய்ச் சம்பல் அந்த இடத்தை நிரப்பாது. ரொட்டிக்குப் பருப்பு, சோற்றுக்குப் பருப்பு என்று நான் பிடிவாதமாகச் சொல்வதைக் கேட்டு என் மாணவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்தாலும் சாப்பிடுகிறார்கள்.

நேரம் நெருங்குவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; சுருக்கிச் சொல்கிறேன். பெண்கள் பாரம் தூக்கலாமா என்று கேட்கிறவரின் தாயே நாளொன்றுக்கு 18, 20 கிலோ கொழுந்து பறித்துச் சுமந்திருப்பார். ஒலிம்பிக்கிலும் 2000ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கான போட்டி நடக்கிறது. அவர்களுடைய முதற் பிரச்சினை இரும்புச்சத்து. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது வெகுவாகக் குறைகிறது. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு ஒரு துண்டு தேசிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரை நினைவுவைத்துக் குடிக்க வேண்டும். உறக்கத்தைப் பற்றி எழுதி வந்த பக்கத்தைப் புரட்டவே நேரமில்லை. சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ளவர்கள், நான் சொன்ன புரத அளவைத் தங்கள் வைத்தியரிடம் கேளாமல் பின்பற்ற வேண்டாம். நன்றி, வணக்கம்.