மூலக்கூறின் வாயில் உப்பு
(திருப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாயத்தொழிலில் தலைமுறைகளாக நிற்கும் பெரியவர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

பருத்தித் துணிக்கு, இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயம் ஏற்ற வேண்டுமானால், அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமோ அதற்கு மேலோ உப்பு போட வேண்டும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த உப்பு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதையும் நாம் வேதனையோடு அறிவோம். அதே உப்பு, பிற மூலக்கூறுகளைத் தமக்குள் ஏந்தும் கொள்கலன் மூலக்கூறுகளின் வாயிலில் என்ன செய்கிறது என்பதே இன்று நான் பேச வந்தது.

அத்தகைய கொள்கலன்களில் ஒன்றான குக்கர்பிட்யூரில் என்ற சேர்மத்தை 1905-இல் ஜெர்மானியர் ராபர்ட் பேரெண்டின் குழு தயாரித்தது. ஆனால் அதன் வடிவம் 1981-இல்தான், வில்லியம் மாக் குழுவினரால், தெளிவாயிற்று. மேலும் கீழும் சீவிக் குடைந்த அரசாணிக்காய் (பரங்கிக்காய்) போன்ற அந்த வளையத்தின் உட்குழி நீரை விரும்பாதது. இரு வாய்களிலும் ஆறாறு ஆக்சிஜன் அணுக்கள் நிற்கின்றன. அவை நேர்மின் அயனிகளை ஈர்ப்பதால், கறியுப்பைக் கரைத்த நீரில் சோடியம் அயனிகள் வாயோரத்தில் வந்து அமர்கின்றன.

அதன் விளைவு, உள்ளே விருந்தாளியாகத் தங்கியிருக்கும் மூலக்கூறை, அதாவது விருந்து மூலக்கூறை, பொறுத்தது. மின்னூட்டமற்ற விருந்தானால் சோடியம் மூடியாகி அதை உள்ளேயே நிறுத்துகிறது. தென்கொரியாவில் கிமூன் கிம் குழுவினர் 1996-இல் இதை அழகாகக் காட்டினர்: டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற மின்னூட்டமற்ற கரிமச் சேர்மத்தை ஏந்திய கொள்கலனில் அமிலம் சேர்த்ததும் சோடியம் அகன்று விருந்து வெளியேறியது, சோடியம் கார்பனேட் சேர்த்ததும் மீண்டும் உள்ளே புகுந்தது. ஆனால் விருந்தே நேர்மின் முனையுள்ள அம்மோனிய வகையானால், அதுவும் அதே ஆக்சிஜன்களைப் பற்றித்தான் நிற்கிறது. சோடியம் அவ்விடத்துக்குப் போட்டியிட, உப்பு கூடக் கூடப் பிணைப்பு தளர்கிறது. எவ்வளவு வெளியேறும் என்பதும் எத்தனை விரைவில் வெளியேறும் என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை மாணவர்கள் இங்கே கருத்தில் கொள்ள வேண்டும்.

எதிர்மின் அயனிகளுக்கும் பங்குண்டு. முட்டை வெண்கருப் புரதத்தை எந்த உப்பு எவ்வளவு எளிதில் படியவைக்கிறது என்று 1888-இல் பிராக் நகரில் ஹாஃப்மைஸ்டர் என்ற அறிவியலாளர் வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் சல்ஃபேட் நீரை இறுகப் பற்றுவது. அது குழிக்குள் நுழையாமல், நீரை விரும்பாத விருந்தைக் குழியை நோக்கித் தள்ளுகிறது. பெர்குளோரேட், தயோசயனேட் போன்றவை நீரைத் தளர்வாகப் பற்றுவதால் சில கொள்கலன்களின் குழியிலேயே புகுந்து விருந்தின் பிடியைக் குறைக்கின்றன. சோடியம் சல்ஃபேட் நம் பட்டறைகளில் புழங்கும் உப்புதான்; அதன் சோடியம் ஒரு கொள்கலனில் விருந்தை வெளியேற்ற, அதன் சல்ஃபேட் வேறொன்றில் விருந்தை இருத்தக்கூடும்.

சாயக்கழிவுநீரிலிருந்து நிறத்தைப் பிடிக்கக் குக்கர்பிட்யூரிலைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை பழையது, நல்லதும்கூட. ஆனால் ஆறு அலகு கொண்ட அந்த வளையம் தூய நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. உப்பு நீரிலோ, வாயில் அமரும் அயனிகளின் துணையால் கரையத் தொடங்கிவிடுகிறது. வடிகட்டியாக நிரப்பிய பொருளே நீரோடு போய்விடலாம். ஆகவே இத்தகைய பொருளை யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், வாலைவடிநீரில் எடுத்த அளவீட்டோடு நிறைவடையாதீர்கள். உங்கள் தொட்டியின் நீரை, அதன் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) குறையாமல், கொடுத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.