நாய்க்குட்டியும் கன்றுக்குட்டியும்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில அகராதியைப் பிரித்தால் ‘ஓமன்’ சகுனம், ‘ஆகுரி’ சகுனம், ‘ஆஸ்பிஸ்’ அதுவும் சகுனம். மொழிபெயர்க்க உட்காரும்போதெல்லாம் இந்த ஒரே சொல் பூனை மாதிரி எனக்குக் குறுக்கே வந்து நிற்கிறது.

ரோமானியருக்கு ‘ஓமன்’ பெரும்பாலும் தற்செயலாகக் காதில் விழுந்த வாக்கு. மாசிடோனிய அரசன் பெர்சியஸோடு போர் நடத்தும் பொறுப்பு பவுலஸ் என்ற தளபதியிடம் வந்தது. வீடு திரும்பினால் சின்ன மகள் முகம் வாடியிருக்கிறாள். “என்னம்மா?” “அப்பா, பெர்சா செத்துப்போச்சு.” பெர்சா அவள் வளர்த்த நாய்க்குட்டி, எதிரியின் பெயரும் ஏறக்குறைய அதுவே. நல்ல வாக்கு என்று மகளைக் கட்டிக்கொண்டாராம். கி.மு. 168இல் பெர்சியஸ் தோற்றான். சிசெரோ சொல்லும் கதை இது.

முல்லைப்பாட்டில் தலைவன் போருக்குப் போயிருக்கிறான். முதுபெண்டிர் நாழி நெல்லும் முல்லைப் பூவும் தூவி, ஊர்ப்புறத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ஓர் ஆய்மகள், “இன்னே வருகுவர் தாயர்” என்கிறாள். போதும், தலைவன் வருவான். இதற்கு விரிச்சி என்று பெயர். ஒரு வித்தியாசம்: இவர்கள் தேடிப்போய் நிற்கிறார்கள், பவுலஸுக்கு அது தானாக வந்தது. இருந்தாலும் ‘ஓமன்’ என்றதும் எனக்கு நினைவு வருவது விரிச்சிதான்.

‘ஆஸ்பிஸ்’ வேறு. லத்தீனில் அது பறவை பார்த்தல். நம்மிடமும் புள் என்றால் பறவை, நிமித்தமும் புள்தான். “நாளும் புள்ளும்” என்கிறது தொல்காப்பியம். கல்யாணப் பத்திரிகையில் போடும் ‘ஆஸ்பிஷியஸ்’ இதன் பிள்ளை. கி.மு. 249இல் கிளாடியஸ் என்ற ரோமத் தளபதி, கப்பலில் நிமித்தம் பார்க்க வைத்திருந்த புனிதக் கோழிகள் இரை எடுக்கவில்லை, அது கெட்ட நிமித்தம் என்றதும், “தின்னாவிட்டால் குடிக்கட்டும்” என்று கடலில் வீசினாராம். அன்றைய போரில் பெருந்தோல்வி. கோழிமேல் பழி போடுவது எளிது!

முன்னறிகுறி என்ற பொருளில் வரும் ‘ஹார்பிஞ்சர்’ சகுனமே அல்ல. அரச பரிவாரத்துக்கு முன்னால் போய்த் தங்க இடம் பிடித்தவன். அவன் வந்துவிட்டால் ராஜா பின்னாலேயே வருகிறார் என்று அர்த்தம்.

‘ஃபோர்காஸ்ட்’ என்ற சொல்லை வானிலைக்குக் கொண்டுவந்தவர், டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய். 1861இல் லண்டன் பத்திரிகையில் அவருடைய கணிப்பு வரத் தொடங்கியது. ‘ப்ராஃபெஸி’, தீர்க்கதரிசனம், என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்றே இந்தச் சொல்லைப் பிடித்தார். இது கணக்கு என்றார். அடுத்து வானிலை அறிக்கை வாசிக்க வேண்டியவர் கண்ணாடிக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். வருகிறேன், வணக்கம்.